மனையியல்... மகனுக்கும் வேணும்!

திருப்பூரில் ஒரு வீடு. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா செக்கிங். ஆர்டர் அவசரம் என்றால் இருவருக்குமே ஓவர்டைம். வீட்டில் ஏழாம் வகுப்புப் பையனும் தங்கையும் மட்டும்தான். சுடுபால் தங்கையின் கையில் கொட்டிவிடுகிறது. அவன் என்ன செய்வான்? பேஸ்ட்டைத் தேடுவான்! கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைதான். ஆனால் சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பேஸ்ட், இங்க் எதுவும் தடவக்கூடாது, பிறகு டாக்டரிடம் போக வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!

இதையெல்லாம் சொல்லித் தருவதுதான் மனையியல். பக்கத்துக் கோவையில் 1957-லேயே அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வந்துவிட்டது. பள்ளிகளில் பிளஸ் டூவுக்கு விருப்பப் பாடமாகவும் இருக்கிறது. நாம்தான், "அது பொம்பளப் பிள்ளைங்க சமையல் பாடமுங்க" என்று ஒதுக்கிவிடுகிறோம். சத்துணவு, குழந்தை வளர்ப்பு, குடும்ப வரவு செலவு எல்லாமே அதில் அடக்கம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். இது மகளுக்கு மட்டுமல்ல, நாளைக்குக் குடும்பம் நடத்தப்போகும் மகனுக்கும் தெரிய வேண்டாமா?

ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லோருக்கும் வாரம் ஒரு பீரியடாவது இதற்கு ஒதுக்கலாம். அதுவரை நாமே டீச்சர்!

* 10 வயதுக்குள்: சோப்புப் போட்டுக் கை கழுவுதல், வீட்டு முகவரி, 108 எண்.

* 10 - 13 வயது: கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வருவது. வயிற்றுப்போக்குக்கு, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுப்பது.

* 14 வயதுக்கு மேல்: சனிக்கிழமை சம்பளத்தில் வாடகை, மளிகை, சேமிப்பு என்று பிரித்துக் கணக்கு எழுதுவது, சோறு, பருப்பு சமைப்பது.

ஊருக்கெல்லாம் பனியன் தைக்கிற ஊர் நம்முடையது. நம் வீட்டுப் பையனுக்கு அறுந்த பட்டனைத் தைக்கத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை லீவுதானே... ஊசி நூலோடு அவனைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். முதல் பாடம் அதுவே!