கப்பல் காத்திருக்குமா?



கிள்ளான் துறைமுகம் 1901-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1972 வரை அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். நம் முன்னோர் பலர் ‘ரஜுலா’, ‘சிதம்பரம்’ ஆகிய கப்பல்களில் வந்து இறங்கிய இடம் அதுவே. இன்று உல்லாசக் கப்பல்கள் அதனை அடுத்துள்ள புலாவ் இண்டாவிற்கு வருகின்றன. பயணிகள் சில மணி நேரம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவர். நேரந்தவறி வருவோருக்காகக் கப்பல் காத்திருக்குமா? பெரும்பாலும் காத்திராது. ஏன்?

கப்பலை வெளியே கொண்டுசெல்லும் வழிகாட்டி மாலுமியும் இழுவைப் படகுகளும் குறித்த நேரத்திற்கே ஏற்பாடு செய்யப்படுகின்றன. அடுத்த துறைமுகத்திலும் கப்பலுக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவர் பொருட்டு ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பது முறையாகுமா? கப்பலைத் தவறவிட்டவர் தம் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகம் செல்ல வேண்டும். அக்காலத்தில் ஊருக்குப் புறப்பட்ட தோட்டத் தொழிலாளி கப்பலைத் தவறவிட்டால், அடுத்த கப்பலுக்குப் பல நாள்கள் காத்திருக்க நேரிடும்.

தாமதத்திற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று தொலைவு. பிரிக்பீல்ட்ஸ் துறைமுகத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. மற்றொன்று கடிகாரம். தாய்லாந்து நேரம் நம் நேரத்திற்கு ஒரு மணி பிந்தியது. புக்கெட்டிலிருந்து வருபவர் கடிகாரத்தைத் திருத்தாவிடில் ஒரு மணி நேரத்தை இழப்பார்.

ஆகவே, பின்னிருந்து கணக்கிட வேண்டும். மாலை 5 மணிக்குள் கப்பலேற வேண்டுமா? பயணத்திற்கு ஒன்றரை மணி, மழைக்கும் நெரிசலுக்கும் ஒரு மணி ஒதுக்குக. 2.30 மணிக்கே புறப்படுக.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்ற நம் தாத்தா பாட்டியர் இக்கணக்கை நன்கறிவர். பள்ளி மணியும் கப்பலின் சங்கும் எவருக்காகவும் காத்திரா. நாமே முந்திக்கொள்வோம்!