எடை குறைக்க எக்ஸெல் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெலைத் திறந்து பார்த்துவிட்டு, "நாம் என்ன கடையா வைத்திருக்கிறோம், இது எதற்கு?" என்று மூடிவிடுவதுண்டு. வீட்டிலேயே அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. உங்கள் உடல் எடையைக் கவனிக்கும் வேலை. எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பிலும் இதையெல்லாம் செய்யலாம்.

இந்தப் பாடம் என் சொந்த அனுபவத்தில் வந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். என் எடை 82 கிலோ, உயரம் 168 செ.மீ. எடையை உயரத்தின் (மீட்டரில்) இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனக்கு 29 வந்தது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25 வந்துவிட்டால் உடல் பருமன் என்கிறார்கள் மருத்துவர்கள். மறுநாளே கால்வாய்க் கரையில் நடக்கத் தொடங்கினேன்.

ஷீட்டைத் தயாரிப்போம். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

முதல் ஷீட்டுக்கு "எடை" என்று பெயர் கொடுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: ஏ காலத்தில் தேதி, பி-யில் எடை, சி-யில் போக்கு. ஏ2 செல்லில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளி கீயைத் தட்டினால் இன்றைய தேதி தானாக வந்து உட்காரும். பி2-ல் காலை எழுந்து, டீ குடிப்பதற்கு முன் பார்த்த எடையை எழுதுங்கள். வெறும் 82 என்று மட்டும் டைப் செய்ய வேண்டும். "82 கிலோ" என்று எழுதினால் எக்ஸெல் அதை எண்ணாக எடுக்காது, பிறகு ஃபார்முலா போடும்போது #வேல்யூ! என்று முறைக்கும். ஓர் அடையாளம் சொல்கிறேன்: எண்ணும் தேதியும் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும். இடது பக்கம் நின்றால் அது வெறும் எழுத்து என்று பொருள்.

அடுத்து போக்கு. தினசரி எடை நம்மை ஏமாற்றும். என் முதல் ஏழு நாள் எடை இதோ: 82.0, 81.6, 82.8, 82.3, 81.9, 81.5, 81.4. மூன்றாம் நாள் 1.2 கிலோ கூடியிருப்பதைப் பாருங்கள். முந்தின நாள் கம்பத்தில் ஒரு கல்யாணம், பிரியாணி விருந்து. அன்று தராசிலிருந்து இறங்கியதும் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் யோசியுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். 1.2 கிலோவுக்கு 9,240. ஒரு விருந்தில் யாராலும் அவ்வளவு சாப்பிட முடியாது. கூடியது உப்பு பிடித்து வைத்த தண்ணீரும், வயிற்றில் இருந்த சாப்பாடும்தான்.

இந்த ஏற்ற இறக்கத்தை வடிகட்ட ஒரு வழியை ஜான் வாக்கர் பிரபலமாக்கினார். ஆட்டோகேட் மென்பொருளைத் தந்த ஆட்டோடெஸ்க் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் இவர். 1991-ல் "ஹேக்கர்ஸ் டயட்" என்ற புத்தகத்தை எழுதி, அதற்கு எக்ஸெல் ஷீட்டுகளையும் சேர்த்தே கொடுத்தார். அவர் வழி இதுதான்: நேற்றைய போக்குக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சி2-ல் =பி2 என்று எழுதுங்கள். சி3-ல் =சி2+0.1*(பி3-சி2) என்று எழுதி என்டர் தட்டுங்கள். பிறகு சி3 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் ஃபார்முலா போய்விடும். எடை இன்னும் எழுதாத நாட்களுக்கு இழுக்க வேண்டாம். காலி செல்லை எக்ஸெல் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு போக்கைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும்.

என் கணக்கில் கல்யாணத்துக்கு மறுநாள் போக்கு 82.04. அதாவது 84 கிராம்தான் ஏறியது. ஏழாம் நாள் 81.94. ஏ, பி, சி காலங்களைத் தேர்வு செய்து இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்தால் இரண்டு கோடுகளும் தெரியும். எடைக் கோடு மலையும் பள்ளமுமாக ஓடும். நீங்கள் பார்க்க வேண்டியது போக்குக் கோட்டை.

நடைக்கு டி காலத்தில் நிமிடங்களை எழுதி, ஈ2-ல் =டி2*பி2*2.5/60 என்று போடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் செலவிடும் பங்கைக் கழித்துவிட்ட கணக்கு இது. 82 கிலோ ஆள் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் சுமார் 100 கலோரி. வரும் வழியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு பால் டீயே அதைச் சமன் செய்துவிடும்! நடை வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்ததற்காக வடை வேண்டாம் என்கிறேன்.

இரண்டாம் ஷீட் "உணவு". தேதி, பண்டம், கிராம், 100 கிராமுக்குக் கலோரி என்று நான்கு காலங்கள். ஈ2-ல் =சி2*டி2/100. ஒரு நாளின் மொத்தத்துக்கு எஃப்2-ல் =சம்இஃப்(ஏ:ஏ,ஏ2,ஈ:ஈ).

கலோரி அளவு எங்கே கிடைக்கும்? நம் உணவுகளுக்கான அட்டவணைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1937-ல் குன்னூர் ஆய்வுக்கூடத்திலிருந்து அய்க்ராய்டு வெளியிட்டார். அந்தக் கூடம்தான் பின்னர் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அந்த நிறுவனம் 2017-ல் 528 உணவுகளுக்குப் புதிய அட்டவணை வெளியிட்டது. இதில்தான் நான் சறுக்கினேன். பச்சரிசிக்கு 1,491 என்று இருந்ததை அப்படியே டி காலத்தில் எழுதிவிட்டேன். ஒரு வேளைச் சோறே 2,000-த்தைத் தாண்டியது. பயந்துபோய் இரண்டு நாள் அரைப்பட்டினி. பிறகுதான் பார்த்தேன், அது கிலோஜூல்! 4.184-ஆல் வகுக்க வேண்டும், வகுத்தால் 356. எனவே டி2-ல் =1491/4.184 என்றே எழுதிவிடுங்கள். இன்னொன்று, இது சமைக்காத அரிசிக்கான அளவு. வெந்த சோறு தண்ணீரைக் குடித்திருப்பதால் 100 கிராமுக்கு சுமார் 130 கலோரிதான்.

பன்னீர் திராட்சை பற்றிச் சொல்லாவிட்டால் பள்ளத்தாக்கு வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். 100 கிராமுக்கு 60 முதல் 70 கலோரி. கால் கிலோ என்றால் 175 வரை வரும். தோட்டத்தில் நின்று கொத்துக் கொத்தாகச் சாப்பிட்டால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

எல்லாம் எழுதியும் மூன்று வாரமாகப் போக்குக் கோடு இறங்கவில்லையா? எண்ணெயைப் பிடியுங்கள். தாளிப்பை யாரும் எடை போடுவதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் சுமார் 8,200 கலோரி. நான்கு பேர் வீட்டில் பத்து நாளில் காலியானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 205. அதைத் தினமும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பாட்டில் ஏழே நாளில் காலியானது. அன்று நடந்த வாக்குவாதத்தை எந்த ஷீட்டிலும் எழுதவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதே மருந்தில் உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

கடைசியாக, கண்ட்ரோலும் எஸ்-ஸும் அழுத்தி ஃபைலைச் சேவ் செய்யுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.