ஒரே லென்ஸில் ஒரு கல்யாணம்

ஏற்காடு அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து சேலத்து மண்டபங்களுக்குப் படம் பிடிக்கக் கிளம்புபவருக்கு ஒரே நாளில் நாலு விதமான வேலை. விடியுமுன் நெருக்கடியான அறையில் மணப்பெண் அலங்காரம். முகூர்த்தத்தில் ஓமப்புகையும் வண்ண விளக்கும். பிறகு மேடை நிறைய உறவினர்களோடு குரூப் போட்டோ. வெயில் தாழ ஏற்காட்டில் அவுட்டோர். நாலுக்கும் ஒரே ஜூம் லென்ஸ் வாங்க நினைப்பவர் காதில் விழும் பேச்சுகளைக் கொஞ்சம் சலித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: 18-200 வாங்கினால் எல்லாம் அடங்கிவிடும்.

உண்மை: தூரம் அடங்கும், வெளிச்சம் அடங்காது. இந்த வகை லென்ஸ்கள் முழுக்க ஜூம் செய்ததும் எஃப் 5.6 அல்லது அதற்கும் கீழே சுருங்கிவிடும். எஃப் 2.8-ல் நுழையும் வெளிச்சத்தில் எஃப் 5.6 விடுவது கால் பங்கு. அதாவது ஐஎஸ்ஓ 3200-ல் முடிய வேண்டிய படம் 12800 கேட்கும்; புடவைச் சரிகையின் நுணுக்கம் நாய்ஸில் கரையும். மலைமேல் பகலில் எடுக்க இதே லென்ஸில் குறையில்லை.

நம்பிக்கை: ஸ்டெபிலைசர் இருந்தால் எஃப் 2.8 தேவையில்லை.

உண்மை: ஸ்டெபிலைசர் அடக்குவது உங்கள் கை நடுக்கத்தை. கெட்டிமேளத்தில் முடிச்சுப் போடும் விரல்களும் பறந்து வரும் அட்சதையும் நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் வேகம் வேண்டும். 1/200 நொடியாவது வைக்க வேண்டும். அந்த வேகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது அபர்ச்சர். கேனானின் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 2012-ல் ஸ்டெபிலைசர் இல்லாமல்தான் வந்தது. இப்படி வேகத்தைக் கூட்டும்போது படத்தில் எல்.ஈ.டி. விளக்கின் பட்டை விழுந்தால் அது லென்ஸ் குற்றமல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அசைவு குறைந்த நேரத்தில் 1/100-க்கு இறங்கினால் பட்டை பெரும்பாலும் மறையும்.

நம்பிக்கை: 24-70 எந்த கேமராவில் மாட்டினாலும் 24-70தான்.

உண்மை: அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. வைத்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால் நாலரை மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும். 1.5 மடங்கு கிராப் கேமராவில் அதே லென்ஸ் மூன்று மீட்டரைக்கூடத் தொடாது. மணமக்கள் நடுவில் நிற்க, இரு பக்கமும் சித்தப்பா, அத்தை, மாமா குடும்பம் என்று வரிசை நீண்டால் ஓரத்தில் இருப்பவர் வெட்டுப்படுவார். பின்னால் போகலாமென்றால் அங்கே வீடியோக்காரரின் டிரைபாட். கிராப் கேமராவுக்கு 17 அல்லது 18-ல் தொடங்கும் எஃப் 2.8 ஜூம்தான் பொருத்தம். 2021-ல் வந்த டாம்ரான் 17-70, சிக்மா 18-50 இரண்டும் இதற்கென்றே செய்தவை. இன்னொன்று: அகலக் கோணத்தில் ஓரத்து முகமும் உடம்பும் இழுபட்டுப் பருக்கும். இடமிருந்தால் தள்ளி நின்று 35-க்கு மேல் எடுங்கள்.

நம்பிக்கை: எஃப் 2.8-க்குக் காசு கொடுத்தால் எப்போதும் எஃப் 2.8-லேயே எடுக்க வேண்டும்.

உண்மை: ஃபுல் ஃபிரேமில் 70 மி.மீ. வைத்து நாலு மீட்டரில் நின்றால், எஃப் 2.8-ல் தெளிவு விழும் ஆழம் ஏறக்குறைய அரை மீட்டர். மணமக்கள் நாற்காலியில் இருக்க, பெற்றோர் பின்னால் நின்றால் ஒரு வரிசை மங்கும். அங்கே ஃபிளாஷ் போட்டு எஃப் 5.6-க்கு மூடுவதே முறை.

நம்பிக்கை: கேமரா கம்பெனி லென்ஸ்தான், அதுவும் கனமானதுதான் தொழிலுக்கு ஆகும்.

உண்மை: சோனி கேமராவுக்கு டாம்ரான் 2018-ல் கொடுத்த 28-75 எஃப் 2.8-இன் எடை 550 கிராம். சிக்மாவின் 28-70 எஃப் 2.8 வெறும் 470. விடியலிலிருந்து மாலைவரை தூக்கும் தோளுக்கு இந்தக் கணக்கு முக்கியம். ஆனால் இவை 28-ல் தொடங்குவதால், சின்ன அறையில் அந்த நாலு மில்லிமீட்டர் குறைவு உறைக்கும்.

நம்பிக்கை: ஜூம் என்றாலே கூர்மை குறைவு.

உண்மை: 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூம், ஃபோக்ட்லாண்டர் ஜூமார், 1959-ல் வந்தது. இந்தக் கெட்ட பெயர் அந்தப் பழைய தலைமுறைகளில் சேர்ந்தது. 12-க்கு 36 அங்குல ஆல்பத் தாளில் இன்றைய எஃப் 2.8 ஜூமுக்கும் பிரைமுக்கும் உள்ள கூர்மை வித்தியாசத்தை மாமியார் வீட்டார் கண்டுபிடிக்கப் போவதில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சென்ற கல்யாணத்து ஃபோல்டரைத் திறந்து, ஆல்பத்துக்குத் தேர்வான படங்களை மட்டும் எந்த மில்லிமீட்டரில், எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தீர்கள் என்று பிரித்துப் பாருங்கள். 70-க்கு மேல் நாலு படம்கூட இல்லையென்றால் நீள ஜூமுக்குக் கொடுக்கும் பணம் வீண். முகூர்த்தப் படங்கள் எல்லாம் 6400-ஐத் தாண்டியிருந்தால் உங்களுக்குத் தேவை எஃப் 2.8.