பிரிட்டனில் தஞ்சம் கோருபவர் செய்ய வேண்டியவை

2019 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 'கே.வி.' என்ற முதலெழுத்துகளால் குறிக்கப்பட்ட அவருடைய முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பி சுட்ட தழும்புகள். மருத்துவ அறிக்கை இருந்தும், தஞ்சத்துக்காக அவரே ஆள்வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழமைத் தீர்ப்பாயம் கருதியது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. உடம்பிலேயே சான்று இருந்தவருக்கு இந்த நிலை என்றால், மற்றவர்கள் முதல் நாளிலிருந்தே கவனமாக இருந்தாக வேண்டும்.

1. உடனே கேட்பது

பிரிட்டனுக்குள் வந்த பிறகே தஞ்சம் கோர முடியும். விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ எல்லை அதிகாரியிடமே சொல்லிவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர், மாணவர் விசாவில் வந்தவர் உட்பட, குரோய்டனில் உள்ள தஞ்சப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து நாள் குறித்துக்கொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.

ஏஜென்ட் சொன்னார் என்று கடவுச்சீட்டைக் கிழித்துப்போடுவது ஆபத்து. தகுந்த காரணமில்லாமல் அதை அழிப்பது நம்பகத்தன்மையைக் குறைக்கும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. காரணமில்லாத தாமதமும் எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும்.

2. முதல் நேர்காணல்

விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள். வந்த வழி, குடும்பம், உடல்நலம், ஊர் திரும்ப அஞ்சும் காரணம் எல்லாம் சுருக்கமாகக் கேட்கப்படும். சுருக்கம்தானே என்று கைதையோ சித்திரவதையையோ விட்டுவிடக் கூடாது; பிறகு சொன்னால், "அன்று ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும்.

கையில் காசில்லாதவர் தங்குமிடமும் வாராந்திரச் சிறு தொகையும் கேட்கலாம். வேலை செய்ய அனுமதி கேட்பதற்கு, பொதுவாக முடிவு வராமல் 12 மாதம் கடந்திருக்க வேண்டும்.

3. சொலிசிட்டர் (வழக்கறிஞர்)

வசதியற்றவருக்கு அரசு செலவில் சட்ட உதவி உண்டு. தகுதியும் பதிவும் இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது அங்கே குற்றம். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எழுதித்தரும் 'கதை'யை வாங்குவது, உள்ள வழக்கையும் கெடுத்துவிடும்.

4. சான்றுகள்

1951 அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களை ஏற்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பினராக இருத்தல். வறுமை இந்தப் பட்டியலில் இல்லை. தன் அச்சம் இவற்றில் எதைச் சார்ந்தது என்பது விண்ணப்பதாரருக்குத் தெளிவாக இருக்க வேண்டும். பிடியாணை, மருத்துவச் சீட்டு, உறவினர் கடிதம் எது கிடைத்தாலும் மொழிபெயர்ப்புடன் கொடுக்கலாம். போலி ஆவணம் ஒன்று போதும், உண்மையானவற்றின் மீதும் சந்தேகம் விழ.

5. முக்கிய நேர்காணல்

இங்கேதான் வழக்கின் உயிர் இருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் பெண் அதிகாரியையோ ஆண் அதிகாரியையோ கோரலாம். தேதி நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்பதே சரியான பதில். ஊகித்துச் சொன்ன தேதி பின்னால் முரண்பாடாக வந்து நிற்கும். பேச்சுவழக்கு புரியாத மொழிபெயர்ப்பாளர் என்றால் அப்போதே சொல்ல வேண்டும். நேர்காணல் பதிவின் பிரதியை வாங்கிப் படித்து, பிழையிருந்தால் சொலிசிட்டர் மூலம் உடனே எழுத்தில் திருத்த வேண்டும்.

6. மறுத்தால்

பெரும்பாலான மறுப்புகளை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். நாட்டுக்குள் இருப்பவருக்கு வழக்கமான கெடு 14 நாள். கடிதம் வந்த அன்றே சொலிசிட்டரை அழையுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், அன்றைக்கு நடைமுறையில் உள்ள கெடு எது என்பதையும் அவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.