இல்லத்து ஒலியாட்சி

மாநாட்டு மண்டபங்களுக்கென ஆக்கப்பெற்ற ஒலிச்செயலியை, அறைதோறும் வெவ்வேறு இசை வேண்டும் பெரிய இல்லமொன்றின் தானியக்க ஆட்சியோடு இணைப்பது எங்ஙனம் என ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் பயாம்ப் நிறுவனத்தாரின் டெசீராவை எடுத்துக்கொள்வோம்.

கம்பியிணைப்பு எளிது, ஆர்.எஸ். 232 வடமேனும் கணினி வலையேனும் அமையும். கட்டளைகள் வெறும் எழுத்துத் தொடர்களே. தொகுதியின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துச் சிறியதாயினும் செயலி ஏற்காது. சந்திப்பிழை பொறாத ஆசிரியர் போலும்!

இடர் அளவையிலே உள்ளது. இல்லத்துத் திரை ஒலியை 0 முதல் 100 வரை அளக்கும். செயலியோ −100 முதல் +12 டெசிபெல் வரை. இரண்டையும் நேர்விகிதமாகப் பொருத்தின், திரையில் 50 என்பது −44 டெசிபெல். 10 டெசிபெல் குறையுந்தோறும் ஓசை ஏறத்தாழப் பாதியாகத் தோன்றுமாதலின், அது செவிக்கு எட்டுவதே அரிது. பாட்டுக் கேட்கவில்லையென்று மேலும் தள்ளுபவர், 89ஐக் கடந்ததும் 0 டெசிபெல்லைத் தாண்டி, உறங்கும் குழந்தையை அலற வைப்பர். ஆதலின் கீழெல்லை −40, மேலெல்லை 0 என வரையறுத்தல் நன்று. அப்போது 50 என்பது −20 ஆகும். இவ்வெல்லையைச் செயலியிலேயே இடுக. திரையின் நிரலில் மட்டும் இட்டால், சுவரிலுள்ள குமிழ் அதனை மதியாது.

அக்குமிழைத் திருகினால் திரையும் அதனை அறிதல் வேண்டுமன்றோ? மாற்றந்தோறும் அறிவிக்குமாறு செயலியிடம் முன்னரே கேட்டு வைக்கலாம். ஆயின் இணைப்பு அறுந்தால் அவ்வேண்டுகோளும் அழியும். மீண்டும் இணைந்தவுடன் புதிதாகக் கேட்டல் வேண்டும். இதனை மறந்த நிரலில், மின்சாரம் நின்று வந்த பின்னும் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.