எந்த ஏரி, எத்தனை மணிக்கு? புயல் நாளில் செய்தி பார்க்கும் முறை

பருவமழைக் காலத்தில் சென்னையில் செய்திக்குப் பஞ்சமில்லை. நம் தெருவுக்கு உதவும் செய்திக்குத்தான் பஞ்சம். யூடியூப் நேரலையில் ஒரே சுரங்கப்பாதையை மணிக்கணக்காகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். முடிச்சூரில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

எனவே, மழைக்கு முன்பே உங்கள் பகுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலைக்காரர்கள் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பைக் கவனிக்க வேண்டும். முடிச்சூர், வரதராஜபுரத்துக்காரர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவார்கள். அங்கே வந்து புகுவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர். இணையத்தில் தேடும்போது உங்கள் ஊர்ப் பெயரோடு அந்த மேட்டு ஊர்களின் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள்.

அடுத்து, மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் ஆகியவற்றின் எக்ஸ் பக்கங்களைப் பின்தொடருங்கள். உங்கள் வட்டாரத்து நிருபர்கள் சொந்தக் கணக்கில் எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் வராத தெருக்கள் அங்கேதான் வரும். பிரதீப் ஜான் போன்ற வானிலை ஆர்வலர்களின் பதிவுகள் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரிந்துகொள்ள நன்றாக உதவும். ஆனால், வீட்டைவிட்டு வெளியேறுவதா என்ற முடிவுக்கு அரசு எச்சரிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை பிடித்துக்கொண்டதும் எந்தச் செய்தியிலும் நேரத்தை முதலில் பாருங்கள். ‘மீனம்பாக்கத்தில் இத்தனை செ.மீ.’ என்பது பெரும்பாலும் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கு. ‘அடுத்த 3 மணி நேரத்தில் கனமழை’ என்ற அறிவிப்பு உங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் அந்த 3 மணி நேரமே முடிந்திருக்கும். ரேடார் படத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்: 14:12 என்றால் நமக்கு இரவு 7.42.

ஏரிச் செய்தியில் நீர்மட்டம், நீர்வரத்து, உபரிநீர் திறப்பு என்று மூன்று எண்கள் இருக்கும். தலைப்பில் வருவது நீர்மட்டம்தான். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி; ‘22 அடியை எட்டியது’ என்று மட்டும் சொன்னால் பாதிச் செய்திதான். வரத்து ஏறிக்கொண்டே இருக்க, திறப்பு குறைவாக இருந்தால் அடுத்த அறிவிப்பில் திறப்பு கூடும் என்று எதிர்பார்க்கலாம். ஒப்பிட ஓர் எண்: 2015 வெள்ளத்தின்போது டிசம்பர் 1 இரவு அங்கே வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறக்கப்பட்டது.

வீடியோக்களைப் பகிரும் முன் கடைப் பலகை, பேருந்தில் எழுதிய ஊர் ஆகியவற்றை உற்றுப் பாருங்கள். வேறு மாநிலத்து எழுத்து இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். பார்த்ததும் நம்ப முடியவில்லை என்பதற்காகப் பொய்யென்றும் ஒதுக்க வேண்டாம். 2023 மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் பக்கம் சாலையைக் கடந்த முதலை நிஜமானதுதான்!

மின்சாரமும் செல்போன் சிக்னலும் சேர்ந்தே போகும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913 என்று காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். நிவாரண முகாம் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேரலை பேட்டரியைக் குடித்துவிடும்; எழுத்துச் செய்தி போதும்.

மழை விட்டதும் செய்தி பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு மேற்கே ஊத்தங்கரை வட்டாரத்தில் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டு, கடலூர் வரை கரையோர ஊர்கள் மூழ்கின. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் புயல் கரையைக் கடந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அணைத் திறப்புச் செய்தியைப் பார்த்துவிட்டே படுக்கப் போங்கள்.