நிகழ்காலத்தைச் சுட்டும் சொற்கள்

இன்று உள்ளதொன்றைக் குறிக்க இன்றைய, தற்போதைய, தற்கால, நடப்பு, சமகால, நவீன எனப் பல சொற்கள் தமிழிலே வழங்குகின்றன. இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எப்போதும் பொருந்தாது.

‘நிகழ்காலம்’ என்பது இலக்கணத்தார் வினைச்சொல்லுக்கு வகுத்த காலம். நன்னூலார் அதற்கு ஆநின்று, கின்று, கிறு என மூன்று இடைநிலைகள் கூறுவார். ‘நடப்பு’ கணக்கோடு ஒட்டியது. நடப்பாண்டு என்றால் இன்னும் முடிவடையாத ஆண்டு. ‘நவீனம்’ புதுமையைச் சொல்வது. மாட்டுவண்டி இன்றும் ஓடலாம். அதனை நவீன வண்டி என்பாரில்லை. ‘சமகாலம்’ என்பதைப் பலர் இக்காலம் என்றே கொள்கின்றனர். ஒரே காலம் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆறுமுக நாவலரும் (1822–1879) சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) சமகாலத்தவர்.

மிகுந்த கவனம் வேண்டுவது ‘தற்போதைய’, ‘தற்காலிக’ என்னும் இரண்டிலுமேயாம். முன்னது இப்பொழுது உள்ளது. பின்னது சிலகாலம் இருந்து நீங்குவது. நான் எழுதுவினைஞராக இருந்த நாளில், இடம்பெயர்ந்து வந்த முதியவர் ஒருவரின் படிவத்தை நிரப்பினேன். ‘தற்போதைய முகவரி’ என்ற இடத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் குடியிருந்த வீட்டின் இலக்கத்தை எழுதினேன். வாசித்துப் பார்த்தவர், “தம்பி, தற்காலிகம் எண்டு போடும். எங்கட வீடு ஊரில கிடக்கு” என்றார். படிவத்தில் அச்சிட்ட சொல்லை வெட்ட எனக்கு அதிகாரமில்லை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தற்காலிகம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.